லாக் எங்கே போனது? ஜாவாப் பதிவேடுகளின் கதை

ஜாவாவில் கொஞ்சமாவது நிரல் எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு வரிகள் ரொம்பப் பழக்கம். நிரலை ஓட்டியதும் முதலில் வந்து நிற்பது அவைதான். இன்ன லாகருக்கு அப்பெண்டர் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. லாக்4ஜேயை முறையாகத் துவக்கி வையுங்கள் என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகு ஒரே மௌனம். நிரல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் என்ன செய்கிறது என்று ஓர் எழுத்துகூட எங்கும் பதிவாகாது. 'வெறும் வார்னிங்தானே' என்று பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். கல்லூரி ப்ராஜெக்ட் என்றால் பரவாயில்லை. ஐம்பது சர்வர்களில் ஓடும் ஒரு மென்பொருளில், அதில் ஏழாவது சர்வரில் மட்டும் இதே மௌனம் என்றால்?

முதலில் லாக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சொல் கப்பலிலிருந்து வந்தது. கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து, கயிறு எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்று பார்த்துக் கப்பலின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை எழுதிவைத்த நோட்டுப் புத்தகம்தான் லாக் புத்தகம். மென்பொருளில் லாக் என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இத்தனை மணிக்கு இந்த வேலையை ஆரம்பித்தேன், இத்தனை மணிக்கு இந்த இடத்தில் தடுக்கி விழுந்தேன் என்று நிரல் தானே எழுதிவைக்கும் டைரி. நிரல் செத்துப் போனபின் படித்துப் பார்க்க மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

ஜாவா வந்த புதிதில் இந்த டைரிக்கு இருந்த ஒரே வழி சிஸ்டம்.அவுட்.ப்ரிண்ட்லைன். திரையில் எழுதும், அவ்வளவுதான். பிழை தேடும்போது நூறு இடத்தில் அதைப் போடுவார்கள், பிழை கிடைத்ததும் நூறையும் அழிப்பார்கள். மறுநாள் வேறொரு பிழை வரும், திரும்பவும் நூறு!

1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் செம்பர் என்றொரு ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. இணையத்தில் பாதுகாப்பாக வாங்குவதும் விற்பதும் எப்படி என்பது அதன் பொருள். நிரலின் தடத்தைப் பிடிக்கத் தங்களுக்கென்று ஒரு சிறு லைப்ரரி எழுதிக்கொள்வது என்று அந்தக் குழு முடிவு செய்தது. பலமுறை உருமாறி அதுதான் லாக்4ஜே ஆனது. இதன் பின்னால் இருந்த முக்கியமான மனிதர், ஸ்விட்சர்லாந்தில் ஐபிஎம்மின் ஜூரிச் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜெகி குல்ஜு. 1999-இல் ஐபிஎம்மின் ஆல்ஃபாவொர்க்ஸ் தளத்தில் வெளியான இது பிறகு அப்பாச்சி அமைப்பின் கைக்குப் போனது. பாதுகாப்பு ஆராய்ச்சியில் பிறந்த குழந்தை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லாக்4ஜே கொண்டுவந்த யோசனைகள் மூன்று. ஒன்று, ஒவ்வொரு லாகருக்கும் புள்ளி வைத்த பெயர். வங்கி என்ற லாகருக்குக் கீழே வங்கி.கடன், அதற்கும் கீழே வங்கி.கடன்.வட்டி என்று குடும்ப மரம் மாதிரி போகும். பிள்ளைக்கு லெவல் எதுவும் சொல்லவில்லை என்றால் அப்பாவின் லெவல். இரண்டு, அப்பெண்டர். செய்தி எங்கே போய்ச் சேர வேண்டும், திரைக்கா, கோப்புக்கா, வேறொரு கணினிக்கா என்பதைச் சொல்வது அது. மூன்றாவதுதான் பெரிய விஷயம்: இதையெல்லாம் நிரலுக்குள் எழுதாமல் வெளியே ஒரு அமைப்புக் கோப்பில் எழுதலாம். நிரலைத் தொடாமல், மறுபடி கம்பைல் செய்யாமல், வட்டி கணக்கிடும் பகுதியை மட்டும் டீபக் லெவலுக்கு மாற்றிவிடலாம்.

அழகான யோசனை. பிரச்சினைகள் எல்லாம் இங்கேதான் தொடங்கின என்பதும் உண்மை. லெவல் அப்பாவிடமிருந்து வருகிறது சரி, ஆனால் அப்பெண்டர் விஷயத்தில் கணக்கு வேறு. பிள்ளை எழுதும் செய்தி பிள்ளையின் அப்பெண்டருக்கும் போகும், அப்பாவின் அப்பெண்டருக்கும் போகும், தாத்தாவுடையதற்கும் போகும். ஒரே வரி லாகில் இரண்டு இரண்டு முறை வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். அடிட்டிவிட்டி என்ற ஒரே ஒரு சொல்லுக்கு ஃபால்ஸ் என்று எழுதினால் தீர்ந்துவிடும். அது தெரியும் வரைதான் பாடு.

இதைவிட மோசமானது அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்கும் முறை. நிரல் தொடங்கும்போது கோப்பின் இடத்தைக் கையால் சொல்லியிருந்தால் லாக்4ஜே அதைப் படிக்கும். சொல்லவில்லை என்றால் க்ளாஸ்பாத்தில் லாக்4ஜே.எக்ஸ்எம்எல் என்ற பெயரைத் தேடும், அதுவும் இல்லாவிட்டால் லாக்4ஜே.ப்ராப்பர்ட்டீஸ். முதலில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதுவே சட்டம். யாரோ எழுதிய ஒரு ஜார் கோப்புக்குள், அவர்கள் தங்கள் சோதனைக்காக வைத்த அமைப்புக் கோப்பு மறந்துபோய் உள்ளேயே இருக்கும். அந்த ஜார் க்ளாஸ்பாத்தில் முன்னால் வந்துவிட்டால் நீங்கள் எழுதிய கோப்பை யாரும் சீண்ட மாட்டார்கள். நீங்கள் டீபக் என்று மாற்றுவீர்கள், சேமிப்பீர்கள், மறுபடி துவக்குவீர்கள், ஒன்றுமே மாறாது. உண்மையில் நீங்கள் திருத்திக்கொண்டிருப்பது யாரும் படிக்காத கோப்பு.

இதைக் கண்டுபிடிக்க லாக்4ஜேயிலேயே ஒரு வழி உண்டு. லாக்4ஜே.டீபக் என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியைக் கொடுத்துத் துவக்கினால், தான் எந்தக் கோப்பைத் தேடினேன், எதை எடுத்தேன் என்று அதுவே திரையில் சொல்லிவிடும். பல நாள் தேடலைப் பத்து நொடியில் முடித்துவைக்கும் வசதி. ஆனாலும் இதை முதலில் செய்கிறவர்கள் குறைவு. கோப்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள்.

2002 பிப்ரவரியில் ஜாவா 1.4 வந்தபோது சன் நிறுவனம் ஜாவாவுக்குள்ளேயே ஒரு லாகிங் வசதியைச் சேர்த்துவிட்டது. ஏற்கெனவே லாக்4ஜே இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று குல்ஜு வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. வந்தது வேறொன்று. லெவல்களின் பெயர்கூட வேறு: டீபக் போய் ஃபைன், ஃபைனர், ஃபைனஸ்ட். இதில் ஒரு பிரபலமான பொறி இருக்கிறது. லாகரை ஃபைன் லெவலுக்கு மாற்றினாலும் திரையில் ஒன்றும் வராது. லாகரைத் தாண்டிய செய்தியை ஹேண்ட்லர் என்ற இன்னொரு காவலாளி நிறுத்திவைப்பான், அவனுடைய லெவல் வழக்கமாக இன்ஃபோ. இரண்டு கதவுக்கும் தனித்தனியே சாவி வேண்டும். அதோடு, அமைப்புக் கோப்பு ஒரு ஜேவிஎம்முக்கு ஒன்றுதான். ஒரே டாம்கேட்டில் பத்து வலைச் செயலிகள் ஓடினால் பத்துக்கும் பொதுவாக ஒன்று. இதைச் சமாளிக்க டாம்கேட் 5.5-இல் ஜூலி என்று தனியாக ஒன்றை எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

இப்போது லைப்ரரி எழுதுகிறவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவர் லாக்4ஜே வைத்திருப்பார், இன்னொருவர் ஜாவாவுடையதை. நம் லைப்ரரி எதில் எழுதுவது? இதற்கு விடையாக 2002-இல் ஜகார்த்தா காமன்ஸ் லாகிங் வந்தது. நிரல் ஓடும்போது அதுவே சுற்றிப் பார்த்து, லாக்4ஜே இருந்தால் அதற்கு அனுப்பும், இல்லாவிட்டால் ஜாவாவுடையதற்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்வர்களில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி க்ளாஸ்லோடர். ஒரே க்ளாஸை இரண்டு க்ளாஸ்லோடர்கள் ஏற்றினால் ஜாவாவுக்கு அவை இரண்டு வேறு க்ளாஸ்கள். அதனால் 'லாக்4ஜேலாகர் என்பது லாக் வகையைச் சேர்ந்தது இல்லை' என்று ஒரு பிழைச்செய்தி வரும். கோடைத் திறந்து பார்த்தால் சேர்ந்தது என்று தெளிவாக எழுதியிருக்கும்! இந்தச் செய்தியைப் பார்த்துத் தன் மனநிலையைச் சந்தேகித்தவர்கள் எத்தனை பேரோ. செயலியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினால் பழைய க்ளாஸ்லோடர் நினைவகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது தனிக்கதை. அதை எழுதியவர்களில் ஒருவரே பிற்பாடு இது என் தவறுதான் என்ற பொருளில் எழுதினார்.

2005-இல் குல்ஜு மறுபடி வந்தார், எஸ்எல்எஃப்4ஜேயோடு. ஓடும்போது தேடாதே, எந்த லாகிங் லைப்ரரி வேண்டுமோ அதற்கான ஒரு ஜாரை நிறுவும்போதே வைத்துவிடு என்பது அதன் வழி. க்ளாஸ்லோடர் கூத்து பெரும்பாலும் ஓய்ந்தது. அடுத்த வருடம் லாக்4ஜேக்கு வாரிசாக லாக்பேக்கும் வந்தது. ஆனால் புதிய வழியில் புதிய பள்ளம். பழைய லாக்4ஜே அழைப்புகளை எஸ்எல்எஃப்4ஜேக்குத் திருப்பிவிடும் ஒரு பாலம் உண்டு, எஸ்எல்எஃப்4ஜேயை லாக்4ஜேக்கு அனுப்பும் ஜாரும் உண்டு. இரண்டும் தெரியாமல் சேர்ந்து வந்துவிட்டால், அவன் இவனிடம் கொடுப்பான், இவன் அவனிடம் திருப்பிக் கொடுப்பான், ஸ்டாக் நிரம்பி நிரல் செத்துவிடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது 1.6 பதிப்பில் எடுத்த ஒரு முடிவு. அதற்கு முன்பு, சேர வேண்டிய ஜார் இல்லை என்றால் எஸ்எல்எஃப்4ஜே பிழை காட்டி நின்றுவிடும். 1.6-இலிருந்து ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு, செய்திகளையெல்லாம் விழுங்கிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் நியாயமானதுதான். டைரி எழுத முடியவில்லை என்பதற்காகக் கடையை மூடுவார்களா? லாகிங் செய்கிற எந்த லைப்ரரியும் இப்படித்தான் நினைக்கும். அதனால்தான் இந்தத் துறையில் பிழைகள் சத்தமில்லாமல் வருகின்றன. வேறு எது கெட்டாலும் லாகில் தெரியும், லாகே கெட்டால் அது எதில் தெரியும்?

ஒரு கணினி இருந்தவரைக்கும் இதெல்லாம் எரிச்சல், அவ்வளவுதான். 2006-க்குப் பிறகு ஹடூப் மாதிரியான மென்பொருள்கள் வந்து, ஒரே வேலையை நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியபோது விஷயம் வேறு மாதிரி ஆனது. இந்தப் ப்ராசஸ் எந்தக் கோப்பைப் படித்தது என்ற பழைய கேள்வியை இப்போது ஒவ்வொரு கணினியிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். விடையும் தனித்தனி.

ஹடூப்பின் யார்ன் நல்ல உதாரணம். நிர்வாகி, கான்ஃப் கோப்புறையில் உள்ள லாக்4ஜே.ப்ராப்பர்ட்டீஸைத் திருத்துவார். ஹடூப்பின் சொந்த டீமன்கள் அதைப் படிக்கும். ஆனால் பயனரின் வேலை ஓடும் கண்டெய்னர்கள் படிப்பது கண்டெய்னர்-லாக்4ஜே.ப்ராப்பர்ட்டீஸ் என்ற வேறொரு கோப்பு, அது ஒரு ஜாருக்குள் இருக்கிறது. அது தெரியாதவர் எத்தனை முறை திருத்தினாலும் பலன் இல்லை. இன்னொன்று, கண்டெய்னரின் லாக் அது ஓடிய கணினியின் வட்டிலேயே எழுதப்படும். லாக்குகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் வசதி உண்டு, ஆனால் தானாக இயங்காது, நிர்வாகிதான் இயக்கிவைக்க வேண்டும். இயக்காமல் விட்டால் வேலை முடிந்தபின் லாக் எவ்வளவு நேரம் இருக்கும் தெரியுமா? அப்படியே விடப்பட்ட அமைப்பில் 10,800 நொடி. அதாவது 3 மணி நேரம். இரவு 2 மணிக்கு விழுந்த வேலையைக் காலை 9 மணிக்கு வந்து பார்ப்பவருக்கு வெறும் கோப்புறைதான் மிஞ்சும்.

எல்லாம் சரியாகச் சேர்ந்து வந்தாலும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுபோல் ஓடுவதில்லை. கேள்வி வருவதற்கு முன்பே பதில் போய்விட்டது போல லாகில் தெரியும். பரவிய அமைப்பில் எது முன், எது பின் என்பதைக் கடிகாரத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே ஒரு கட்டுரையில் காட்டிவிட்டார். அதனால் நேரத்தை நம்பாமல், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது போகிற இடமெல்லாம் அந்த எண்ணையும் எழுதச் சொல்வது வழக்கமானது. இதற்காகவே எம்டிசி என்ற வசதி லாக்4ஜேயில் உண்டு. த்ரெட்டின் பையில் எண்ணைப் போட்டுவைத்தால் அந்த த்ரெட் எழுதும் எல்லா வரியிலும் அது வந்து உட்காரும். ஆனால் சர்வர்களில் த்ரெட்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுகிறவை. வேலை முடிந்ததும் பையைக் காலி செய்ய மறந்தால், அடுத்த வாடிக்கையாளரின் வரிகள் முந்தையவரின் எண்ணோடு பதிவாகும். லாக் இல்லாமல் போவதைவிட இது ஆபத்து. இல்லாத லாக் யாரையும் ஏமாற்றாது. இந்த அடையாள எண் யோசனையைக் கூகுள் பெரிய அளவில் செய்து 2010-இல் டாப்பர் என்ற பெயரில் கட்டுரையாக வெளியிட்டது. ட்விட்டர் 2012-இல் ஜிப்கினைத் திறந்துவிட்டது அதைப் பார்த்துத்தான்.

இதற்கிடையில் லாக்4ஜே 1.2-க்கு வயதாகிவிட்டது. 2012-இல் 1.2.17 வந்தது, அதோடு சரி. 2014 ஜூலையில் முழுக்கப் புதிதாக எழுதிய லாக்4ஜே 2 வந்தது. 2015 ஆகஸ்டில் பழையதற்கு ஆயுள் முடிந்தது என்று அப்பாச்சி அறிவித்தது. புதியது வேகமானது, ஆனால் கோப்பின் பெயரும் எழுதும் முறையும் வேறு: லாக்4ஜே2.எக்ஸ்எம்எல். பழைய பெயரில் கோப்பு வைத்தால் சும்மா விட்டுவிட்டு, எர்ரர் மட்டும் திரையில் காட்டும் தன் சொந்த அமைப்பில் ஓடும்.

புதியதில் லுக்கப் என்று ஒரு வசதி. டாலர் குறி போட்டு, சுருள் அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதினால் அந்த இடத்தில் மதிப்பை நிரப்பிக் கொடுக்கும். அமைப்புக் கோப்பில் இது பயனுள்ளது. 2013-இல், 2.0-வின் ஒன்பதாவது பீட்டாவில், ஜேஎன்டிஐ வழியாகவும் மதிப்பைத் தேடி எடுக்கலாம் என்று சேர்த்தார்கள். ஆனால் லுக்கப் அமைப்புக் கோப்போடு நிற்கவில்லை. லாக் செய்யப்படும் செய்திக்குள்ளும் அது வேலை செய்தது. செய்தியில் இருப்பது யார் எழுதியது? பெயர்ப் பெட்டியில், தேடல் பெட்டியில், அரட்டையில் முகம் தெரியாத யாரோ தட்டியது!

எட்டு வருடம் இது யார் கண்ணிலும் படவில்லை. 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா க்ளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஜாவோஜுன் அப்பாச்சிக்குத் தெரிவித்தார். டிசம்பர் 9 அன்று விஷயம் வெளியே வந்துவிட்டது. தாக்குகிறவர் தன் சர்வரின் முகவரியைப் போட்டு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதை லாக் செய்யும் சர்வர், அந்த முகவரிக்குப் போய், அங்கிருந்து நிரலைக் கொண்டுவந்து தனக்குள் ஓட்டிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் தட்டியே சர்வரைப் பிடித்தார்கள். லாக்4ஷெல் என்று பெயர் வைத்தார்கள். அபாயக் கணக்கில் 10-க்கு 10.

திருத்தம் 2.15 என்று வந்தது, அது போதவில்லை. 2.16, 2.17, பிறகு 2.17.1 என்று அந்த டிசம்பர் முடிவதற்குள் நான்கு. அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் இதைக் கவனித்துவந்த தன்னார்வலர்கள். உலகமே அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தது. இதில் நியாயம் எவ்வளவு என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

உண்மையில் நிறுவனங்களை அலைக்கழித்தது திருத்தம் வருவதில் ஆன தாமதத்தைவிட இன்னொன்று. எங்கள் நானூறு சர்வர்களில் எதில் லாக்4ஜே இருக்கிறது, எந்தப் பதிப்பு, அது எந்த ஜாருக்குள் ஒளிந்திருக்கிறது என்று பலருக்கும் சொல்லத் தெரியவில்லை. பல வருடமாக லாகில் வரி வராதபோது கேட்ட அதே கேள்வி, இந்த முறை உயிர்போகிற அவசரத்தில். மேவன் சென்ட்ரலில் 35,000-க்கும் மேற்பட்ட ஜாவாப் பொதிகள், அதாவது மொத்தத்தில் 8 சதவீதத்துக்கும் மேல், பாதிக்கப்பட்டவை என்று கூகுள் அப்போது கணக்குக் காட்டியது. பெரும்பாலானவற்றில் லாக்4ஜே நேரடியாக இல்லை, உள்ளுக்குள் உள்ளாகப் பல அடுக்கு கீழே இருந்தது. புதிய பதிப்பு போட முடியாதவர்கள் ஜாரைத் திறந்து ஜேஎன்டிஐ லுக்கப் என்ற ஒரு க்ளாஸை மட்டும் கையால் அழித்தார்கள். முரட்டு வைத்தியம், ஆனால் வேலை செய்தது. இந்த ஓட்டை இன்னும் பத்து வருடமோ அதற்கு மேலுமோ எங்காவது மிச்சம் இருக்கும் என்று 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் தன் முதல் அறிக்கையில் எழுதியது.

பழைய 1.2-இலேயே இருந்தவர்கள் லாக்4ஷெல்லிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை. பல கணினிகளின் லாகை வலை வழியாக ஓரிடத்தில் வாங்கிச் சேர்க்கும் சாக்கெட்சர்வர் என்ற பகுதியில், வருகிற எதையும் நம்பி அப்படியே பிரிக்கும் ஓட்டை இருப்பது 2019-இலேயே தெரிந்திருந்தது. ஆயுள் முடிந்த பதிப்பு என்பதால் அப்பாச்சி அதைத் திருத்தவில்லை. 2022 ஜனவரியில் குல்ஜுவே தன் பழைய குழந்தையை எடுத்து, ஓட்டைகளை அடைத்து, ரீலோட்4ஜே என்று பெயர் மாற்றி வெளியிட்டார்.

அதன்பின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போனார்கள். ஹடூப் ரீலோட்4ஜேக்கு. ஜூகீப்பர் லாக்பேக்குக்கு. ஸ்பார்க் 2022 ஜூனில் வந்த 3.3 பதிப்பில் லாக்4ஜே 2-க்கு. காஃப்கா 2025 மார்ச்சில், 4.0 பதிப்பில்தான் மாறியது. இந்த நான்கையும் ஒரே க்ளஸ்டரில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் கையில் இருப்பது நான்கு மென்பொருளுக்கு மூன்று விதமான அமைப்புக் கோப்பு. ஸ்பார்க்கில் இன்னொரு சங்கடமும் சேரும். ட்ரைவருக்குக் கொடுத்த கோப்பு எக்சிக்யூட்டர்களுக்குப் போவதில்லை, அவற்றுக்குத் தனியாக அனுப்பி, தனியாகச் சொல்ல வேண்டும். 3.2-இலிருந்து 3.3-க்கு மாறிய பலருடைய கான்ஃப் கோப்புறையில் லாக்4ஜே.ப்ராப்பர்ட்டீஸ் அப்படியே கிடந்தது. ஸ்பார்க் தேடியது லாக்4ஜே2.ப்ராப்பர்ட்டீஸ். கிடைக்காததால், என்னுடைய சொந்த அமைப்பைப் பயன்படுத்துகிறேன் என்று தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டு ஓடியது. அந்த வரியைப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் கோப்பின் பெயரை மாற்றி, உள்ளே இருப்பதைப் புது முறையில் எழுதினார்கள். படிக்காதவர்கள் பழைய கோப்பில் லெவலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.